மின்னஞ்சலில் பச்சைக் குறி: கையொப்பம் சரி என்றால் எது சரி?

காட்பாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கல்லூரி மாணவர்கள் சிலருக்குக் கட்டற்ற மென்பொருள் வேலையைப் பழக்கி வருகிறேன். கையொப்பமிட்ட மின்னஞ்சலில் வரும் நிரல் மாற்றங்களைப் பற்றி அவர்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “சார், மெயிலில் பச்சை டிக் வந்துவிட்டது, சேர்த்துவிடலாமா?” அந்தப் பச்சைக் குறி எதைப் பார்த்துவிட்டு வந்தது என்று திருப்பிக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. கையெழுத்தை ஸ்கேன் செய்து ஒட்டியிருப்பார்கள் என்கிறார் ஒருவர். கடிதம் பிறர் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டு வந்திருக்கிறது என்கிறார் இன்னொருவர். அனுப்பியவர் நல்லவர் என்று கணினியே சான்று தந்துவிட்டது என்கிறார் மூன்றாமவர். மூன்றும் தவறு. நிரல் எழுதத் தெரிந்தவர்களே இப்படிக் குழம்புவதால், சாவி, கையொப்பம், சரிபார்ப்பு ஆகியவற்றை அடியிலிருந்து விளக்க இக்கட்டுரையை எழுதுகிறேன். கணிதப் பின்னணி எதுவும் தேவையில்லை. ஓரிடத்தில் மட்டும் பெருக்கலும் வகுத்தலும் வரும்.

பத்திரத்தில் இருக்கும் மூன்று காவல்கள்

என் தந்தையார் வேலூரில் பத்திர எழுத்தராக இருந்தார். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அவரோடு போகும் நாள்களில், ஒரு கிரயப் பத்திரத்துக்கு எத்தனை காவல்கள் வைக்கப்படுகின்றன என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். தொகையை எண்ணாலும் எழுதுவார், எழுத்தாலும் எழுதுவார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் எழுதிக் கொடுப்பவர் கையெழுத்திட வேண்டும். ஒரு சொல்லை அடித்துத் திருத்தியிருந்தால், இந்தப் பக்கத்தில் அடித்தல் திருத்தல் இத்தனை என்று குறித்து, அதற்கும் தனியே ஒரு கையெழுத்து வாங்குவார். இவையெல்லாம் பத்திரத்தின் உள்ளடக்கம் பின்னால் மாற்றப்படாமல் இருப்பதற்கான காவல். அடுத்து, எழுதிக் கொடுப்பவரின் இடது பெருவிரலை மையில் அழுத்தி ரேகை வாங்குவார்கள். கையெழுத்திட்டவர் இன்னார்தான் என்பதற்கான காவல் அது. நிலத்தின் மேல் கடனோ வழக்கோ உண்டா என்பதை இந்த இரண்டும் சொல்லமாட்டா. அதற்கு வில்லங்கச் சான்று தனியே போட்டுப் பார்க்க வேண்டும்.

மின்னஞ்சல் கையொப்பத்திலும் இதே மூன்று கேள்விகள்தான் இருக்கின்றன. உள்ளடக்கம் மாறாமல் வந்திருக்கிறதா? இட்டவர் யார்? சொல்லப்பட்ட பொருள் நம்பத் தகுந்ததா? பச்சைக் குறி முதல் கேள்விக்கு முழுமையாகப் பதில் சொல்கிறது. இரண்டாவதற்குப் பாதிப் பதில் சொல்கிறது. மூன்றாவதை அது தொடுவதே இல்லை. பெரும்பாலான குழப்பங்கள் இம்மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் கலப்பதால் வருபவை.

அனுப்புநர் பெயர் ஏன் போதாது

இன்லாண்டு கடிதத்தின் பின்புறம் அனுப்புநர் முகவரி என்று ஓர் இடம் உண்டு. அங்கே யார் பெயரையும் யாரும் எழுதலாம். தபால்காரர் அதைச் சோதிப்பதில்லை. மின்னஞ்சலின் அனுப்புநர் வரியும் அப்படித்தான். அஞ்சல் பரிமாற்ற விதிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புபவர் தன்னைப் பற்றி உண்மை சொல்கிறாரா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் வைக்கப்படவில்லை. பிற்காலத்தில் சில தடுப்புகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன என்றாலும், அடித்தளம் அதேதான்.

சாதாரணக் கடிதப் போக்குவரத்தில் இது ஓரளவு தொல்லை மட்டுமே. மென்பொருள் உருவாக்கத்தில் கதை வேறு. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான ‘கெர்னல்’ போன்ற பெரிய திட்டங்களில், மாற்றங்கள் இன்றும் பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் அனுப்பப்படுகின்றன. எந்தக் கோப்பில் எந்த வரி நீக்கப்படுகிறது, எது சேர்க்கப்படுகிறது என்று கழித்தல், கூட்டல் குறிகளோடு காட்டும் உரைக்குப் ‘பேட்ச்’ என்று பெயர். அந்தப் பகுதிக்குப் பொறுப்பான ‘பராமரிப்பாளர்’ அதைப் படித்து, கேள்வி கேட்டு, திருத்தச் சொல்லி, பிறகு மூல நிரலில் சேர்க்கிறார். புதியவர் அனுப்பும் பேட்ச் எப்படியும் வரிவரியாகப் படிக்கப்படும் என்பதால் அங்கே பெயர் அவ்வளவு முக்கியமில்லை. பல ஆண்டுகளாகப் பழகிய பராமரிப்பாளர் பெயரில் “இந்த மாற்றங்களை நான் பார்த்துவிட்டேன், எடுத்துக்கொள்ளுங்கள்” என்று ஒரு கடிதம் வந்தால்தான் ஆபத்து. படிப்பவரின் கண் அங்கே தளர்ந்துவிடுகிறது.

கடிதத்தின் சாரம்

சீட்டு நடத்துபவர்களின் கணக்கு நோட்டில் பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை எழுதுவார்கள். நடுவில் ஒரு 500ஐ 600 ஆக்கினால் கூட்டுத்தொகை இடிக்கும். கள்ளக் கணக்குக்காரர் இன்னோரிடத்தில் 100 குறைத்துக் கூட்டுத்தொகையைச் சரிக்கட்டிவிடலாம் என்பது இந்த முறையின் பலவீனம்.

அந்தப் பலவீனம் நீக்கப்பட்ட கூட்டுத்தொகைதான் ‘ஹாஷ்’. ஒரு வரிக் கடிதமானாலும் ஆயிரம் பக்க நிரலானாலும், அதை இந்தக் கணக்கில் போட்டால் ஒரே நீளமுள்ள ஒரு குறியீடு கிடைக்கும். பரவலாகப் பயன்படும் ‘ஷா-256’ முறையில் அது 256 பிட் (அதாவது 0 அல்லது 1 என்னும் இலக்கங்கள்) நீளம். கடிதத்தில் ஒரு காற்புள்ளியை எடுத்தாலும் முடிவு முற்றிலும் வேறாகிவிடும். அதே ஹாஷ் வரும்படி வேறொரு கடிதத்தைத் தயாரிக்க, இன்று தெரிந்த வழிகளில் யாராலும் முடியாது. ஆகவே முழுக் கடிதத்துக்கும் பதிலாக அதன் ஹாஷின் மேல் கையொப்பமிட்டால் போதும்.

இரண்டு சாவிகளும் ஒரு சின்னக் கணக்கும்

மையில் இடும் கையெழுத்து எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி இருக்கும்; அதனால்தான் ஒரு தாளிலிருந்து பெயர்த்து இன்னொன்றில் ஒட்ட முடிகிறது. கணினிக் கையொப்பம் ஒவ்வொரு கடிதத்துக்கும் வேறு வேறு எண். கடிதத்தின் ஹாஷையும் எழுதியவரிடம் மட்டும் இருக்கும் ஓர் இரகசிய எண்ணையும் சேர்த்துப் பிசைந்து அது செய்யப்படுகிறது. அந்த இரகசிய எண் ‘தனிச்சாவி’. அதற்கு இணையாக உலகத்துக்கே கொடுத்துவிடும் எண் ‘பொதுச்சாவி’. தனிச்சாவியால் இட்டதைப் பொதுச்சாவியால் சோதிக்கலாம். பொதுச்சாவியை வைத்துக்கொண்டு புதிதாக ஒன்றை இட முடியாது.

இதைக் கேட்டதும் பலர் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள், நம்பியதாகத் தெரிவதில்லை. ஆகவே காகிதத்தில் போட்டுக் காட்டுகிறேன். கடிதத்தின் ஹாஷ் 4 என்று வைத்துக்கொள்வோம். என் தனிச்சாவி 7. எல்லோருக்கும் தெரிந்த எண்கள் 3, 33. நான் 4ஐ ஏழு முறை எழுதிப் பெருக்குகிறேன்: 16384. அதை 33ஆல் வகுத்தால் மீதி 16. இந்த 16தான் என் கையொப்பம். கடிதத்தோடு அதை அனுப்புகிறேன். பெறுபவருக்கு 7 தெரியாது. அவர் 16ஐ மூன்று முறை எழுதிப் பெருக்குகிறார்: 4096. அதை 33ஆல் வகுத்தால் மீதி 4. கடிதத்தின் ஹாஷை அவரும் தனியே கணக்கிடுகிறார். அதுவும் 4 என்றால் பச்சைக் குறி. வழியில் யாரோ கடிதத்தை மாற்றி, ஹாஷ் 5 ஆகியிருந்தால், 4 எங்கே 5 எங்கே என்று பொருந்தாமல் போய்விடும்.

33 என்பது 3, 11 ஆகியவற்றின் பெருக்கல் என்று பள்ளிப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். அது தெரிந்தால் 7ஐயும் கண்டுபிடித்துவிடலாம். உண்மையான சாவியில் 33இன் இடத்தில் 617 இலக்கம் கொண்ட எண் இருக்கும், சிலவற்றில் அதைவிடப் பெரிதாகவும் இருக்கும். அதைக் காரணிகளாக உடைக்க இன்றைய கணினிகளுக்கு வழி இல்லை. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் ஆகிய மூவர் கண்ட முறை இது. இப்போது வேறு கணக்கில் அமைந்த சிறிய சாவிகளும் நிறையப் புழங்குகின்றன, தத்துவம் ஒன்றே. கடிதத்தில் கையொப்பமிட இந்தக் கணக்கைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தது 1991இல் ஃபில் ஸிம்மர்மன் வெளியிட்ட ‘பிஜிபி’ என்ற மென்பொருள். கட்டற்ற மென்பொருளாளர்கள் இன்று பெரும்பாலும் பயன்படுத்துவது அதன் வழிவந்த ‘ஜிஎன்யூபிஜி’.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: கடிதத்திலிருந்து ஹாஷ், ஹாஷோடு தனிச்சாவி சேர்ந்து கையொப்பம், கையொப்பத்தைப் பொதுச்சாவியால் திறந்து, கிடைத்ததைக் கடிதத்தின் ஹாஷோடு ஒப்பிடுவது சரிபார்ப்பு. இதில் கடிதம் எங்கும் மறைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்கவும். கையொப்பமிட்ட கடிதத்தை வழியில் எவரும் படிக்கலாம். பூட்டி அனுப்புவது வேறு வேலை.

சாவி யாருடையது?

பெறுபவர் என் பொதுச்சாவியை எங்கிருந்து எடுத்தார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாவி உண்டாக்கும்போது பெயர் கேட்கும் இடத்தில் எந்தப் பெயரையும் தட்டலாம்; யாரும் தடுக்கமாட்டார்கள். ஜிஎன்யூபிஜியில் ஒரு கடிதத்தைச் சரிபார்த்தால், ‘குட் சிக்னேச்சர்’ என்று ஒரு வரி பெயரோடு வரும். அதன் கீழேயே, இந்தச் சாவி நம்பகமான கையொப்பம் எதனாலும் சான்றளிக்கப்படவில்லை, இது பெயரில் உள்ளவருக்கே உரியது என்பதற்கு அறிகுறி இல்லை என்று ஓர் எச்சரிக்கையும் பல நேரங்களில் வரும். மாணவர்கள் முதல் வரியைப் படித்துவிட்டு இரண்டாவதைக் கணினியின் வழக்கமான முணுமுணுப்பு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் விஷயம் இருப்பது அந்த இரண்டாவது வரியில்தான்.

பொதுச்சாவி மிக நீளமானது. வாயால் சொல்லி ஒப்பிட முடியாது. ஆகவே அதற்கும் ஒரு ஹாஷ் போட்டு, எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்த 40 குறிகளாகச் சுருக்குவது நீண்ட கால வழக்கம். இதற்குச் சாவியின் ‘ரேகை’ என்று பெயர். பெருவிரல் ரேகையை நினைத்து வைத்த பெயர்தான். முன்பெல்லாம் 40ஐயும் பார்க்கச் சோம்பல்பட்டுக் கடைசி 8 குறிகளை மட்டும் ஒப்பிடுவார்கள். 8 குறிகள் ஒத்துப்போகும்படி போலிச் சாவி செய்வது எளிது என்று 2014இல் செய்தே காட்டிவிட்டார்கள். 2016இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் உள்ளிட்ட கெர்னல் பராமரிப்பாளர்களின் பெயரில், அதே 8 குறிகளோடு, போலிச் சாவிகள் பொதுச் சாவிக் கிடங்குகளில் கிடந்தன. ஒப்பிட்டால் 40ஐயும் ஒப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிடாமலே இருந்துவிடலாம்.

சாவி இன்னாருடையது என்று உறுதி செய்யச் சில வழிகள் உண்டு. நேரில் சந்தித்து, அடையாள அட்டையைப் பார்த்து, ரேகைச் சீட்டை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து அந்தச் சாவியின் மேல் நம் சாவியால் கையொப்பமிடலாம். பத்திரத்தில் சாட்சி போடுவதைப் போல. இப்படி நான் உங்களுக்கும் நீங்கள் மற்றவருக்கும் சாட்சி நிற்பதால் உண்டாகும் பின்னலை ‘நம்பிக்கை வலை’ என்பார்கள். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கும் திட்டத்தில் இவ்வழக்கம் வெகுகாலமாக உண்டு. 2011இல் கெர்னல் திட்டத்தின் சேவையகங்களில் ஊடுருவல் நடந்த பிறகு, கெர்னல் உருவாக்குநர்களும் கூடுகைகளில் சந்தித்து ரேகைகளை ஒப்பிட்டுத் தமக்கான வலையைப் புதிதாகக் கட்டினார்கள். நேரில் பார்க்க வழியில்லாதபோது, ஒருவர் ஐந்தாண்டுகளாக ஒரே சாவியால் கையொப்பமிட்டு வருகிறார் என்ற வரலாறே பெரிய சான்று. அவர் பெயர் எனக்குத் தெரியாமல் இருக்கலாம். நேற்று வேலை செய்தவரும் இன்று எழுதுபவரும் ஒருவரே என்பது தெரிந்தால் பெரும்பாலான வேலைக்கு அதுவே போதும் என்பது என் கருத்து.

கையொப்பம் எதைத் தழுவுகிறது, எதை விடுகிறது

இந்தப் பகுதியை நான் அடிபட்டுக் கற்றேன். எங்கள் சிறு குழு ஒரு தமிழ் விசைப்பலகைக் கருவியைப் பராமரிக்கிறது. ஒரு மாணவரின் பேட்சைப் படித்துவிட்டு, “பார்த்துவிட்டேன். சரியாக இருக்கிறது. சேர்த்துவிடவும்.” என்று கையொப்பத்தோடு பதில் அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து, குறும்புக்காரர் ஒருவர் அந்தக் கடிதத்தை அப்படியே எடுத்து, பொருள் வரியை மட்டும் தன் புதிய பேட்சின் பெயராக மாற்றி, அனுப்புநர் இடத்தில் என் பெயரைப் போட்டு, சேர்க்கும் பொறுப்பில் இருந்தவருக்கு அனுப்பிவிட்டார். கையொப்பம் பொருந்தியது, பச்சைக் குறி வந்தது, நான் கண்ணால் பார்த்திராத பேட்ச் நிரலுக்குள் போய்விட்டது.

கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. பிஜிபி வகைக் கையொப்பம் வழக்கமாகக் கடிதத்தின் உடலை மட்டுமே தழுவுகிறது. பொருள், பெறுநர், தேதி, அனுப்புநர் என்று மேலே இருக்கும் வரிகள் அதற்கு வெளியே நிற்கின்றன. உறைக்குள் இருக்கும் தாளில் கையெழுத்து இருக்கிறது; உறையின் மேல் எழுதியிருப்பதற்கு யாரும் பொறுப்பில்லை. நான் எழுதிய மூன்று வாக்கியங்களில் எந்தப் பேட்ச் என்பதே இல்லை. அது பொருள் வரியில் இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். என் தந்தையாராக இருந்தால் ‘மேற்படி சொத்து’ என்று எழுதுவதற்கு முன்னால் சர்வே எண்ணையும் நான்கு எல்லைகளையும் எழுதியிருப்பார்.

கையொப்பத்துக்குள் அது இடப்பட்ட நேரமும் பதிவாகியிருக்கும். சரிபார்ப்பு விவரத்தைத் திறந்திருந்தால், நேற்று வந்த கடிதத்தில் நான்கு மாதத்துக்கு முந்தைய கையொப்பம் இருப்பது தெரிந்திருக்கும். யாரும் திறக்கவில்லை. அன்றிலிருந்து ஒப்புதல் கடிதத்தின் உடலிலேயே பேட்சின் பெயரையும் அதன் ஹாஷையும் எழுதுகிறோம். கெர்னல் உருவாக்குநர்கள் தங்கள் பேட்சுகளுக்குப் பயன்படுத்தும் ‘பேட்டாட்’ என்ற கருவி, உடலோடு சேர்த்து அனுப்புநர், பொருள் போன்ற வரிகளையும் கையொப்பத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறது; இந்தக் குறையை அறிந்து செய்த ஏற்பாடு.

கையொப்பம் போலத் தோன்றும் இரண்டு

பேட்சின் அடியில் ‘சைன்டு-ஆஃப்-பை’ என்று தொடங்கி ஒரு பெயர் இருக்கும். பெயரைக் கேட்டுப் பலர் இதையே கையொப்பம் என்று நினைக்கிறார்கள். அது வெறும் எழுத்து, யாரும் தட்டலாம். இந்த நிரலைத் தர எனக்கு உரிமை உண்டு என்னும் உறுதிமொழியாக 2004இல் கெர்னல் திட்டத்தில் அது கொண்டுவரப்பட்டது. உரிமைத் தகராறுக்கு அது உதவும், ஆள்மாறாட்டத்துக்கு உதவாது.

இன்னொன்று ‘டிகேஐஎம்’. இது உண்மையான கணக்குக் கையொப்பம்தான். ஆனால் இடுபவர் கடிதம் எழுதியவர் அல்லர், அவருடைய அஞ்சல் சேவையகம். காட்பாடி தபால் நிலையத்தின் முத்திரை, கடிதம் அந்த நிலையத்தின் வழியாக வந்தது என்று சொல்வதைப் போன்றது இது. ஒருவருடைய கடவுச்சொல் திருடப்பட்டால், திருடன் அனுப்பும் கடிதத்துக்கும் சேவையகம் இதே முத்திரையைக் குத்தும்.

பொருந்தவில்லை என்றால்

சிவப்புக் குறியைக் கண்டதும் யாரோ கடிதத்தைத் திருத்திவிட்டார்கள் என்று பதறத் தேவையில்லை. குழு அஞ்சல் சேவையகங்கள் கடிதத்தின் அடியில் இரண்டு வரி அறிவிப்பைச் சேர்ப்பதுண்டு. சில செயலிகள் நீண்ட வரிகளை மடக்குகின்றன. சில, வரிக்கடைசி வெற்றிடங்களைத் துடைத்துவிடுகின்றன. ஒரு காற்புள்ளி மாறினாலும் ஹாஷ் மாறும் என்று பார்த்தோமே, அதன் மறுபக்கம் இது. சாவி காலாவதி ஆகியிருக்கலாம். அதை இழந்தவர் ரத்துச் சான்று வெளியிட்டிருக்கலாம். பொருந்தாத கடிதத்தைக் கையொப்பம் இல்லாத கடிதமாக எண்ணி, அனுப்பியவரிடம் வேறு வழியில் கேட்டுக்கொள்வதே நடைமுறை.

வில்லங்கம்

மூன்றாவது கேள்விக்கு வருவோம். 2024 மார்ச்சில், லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இருக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இரகசிய நுழைவாயில் ஒன்று புதைக்கப்பட்டிருந்தது தெரிய வந்தது. வெளியார் யாரும் புகுந்து அதை வைக்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகப் பொறுமையாக நல்ல வேலை செய்து, நம்பிக்கை பெற்று, பராமரிப்பாளராகவே ஆகிவிட்டவர் தம் சொந்தச் சாவியால் கையொப்பமிட்டு வெளியிட்ட கோப்புகள் அவை. சரிபார்த்த எவருக்கும் கையொப்பம் பொருந்தியே இருந்திருக்கும். ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது அரை நொடி அளவுக்குத் தாமதமாவதைக் கண்டு தோண்டிப் பார்த்ததால்தான் அது வெளிப்பட்டது.

கிரயப் பத்திரம் அசல், கையெழுத்து அசல், ரேகையும் அசல். நிலத்தின் மேல் மட்டும் வில்லங்கம். அதைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கையொப்பத்தின் தலையில் கட்டக் கூடாது. நிரலைப் படிப்பது, சோதித்துப் பார்ப்பது, ஒருவர் ஒப்புக்கொண்டதை இன்னொருவர் மறுபடி பார்ப்பது ஆகியவைதான் இங்கே வில்லங்கச் சான்று. கையொப்பம் தருவது, பின்னால் தேடும்போது இது யார் சாவியால் வந்தது என்று மறுக்க முடியாதபடி காட்டும் தடயம். அதுவே சிறிய உதவி அன்று.

சென்ற மாதம் எங்கள் குழுவில் ரேகை ஒப்பிடும் வேலையை ஒரு நாள் வைத்தோம். ஆளுக்கொரு சீட்டில் 40 குறிகளை நான்கு நான்காகப் பிரித்து அச்சிட்டு வரச் சொன்னேன். ஒருவர் தம் கணினித் திரையைப் பார்த்துப் படிக்க, மற்றவர்கள் கையில் இருக்கும் சீட்டில் விரல் வைத்துப் பின்தொடர வேண்டும். ஆறாவது மாணவி படித்தபோது முதல் நான்கிலேயே எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவர் மடிக்கணினி மாற்றியபோது புதுச் சாவி உண்டாக்கியிருக்கிறார், சீட்டில் இருந்தது பழைய சாவியின் ரேகை. பேனாவை எடுத்துச் சீட்டில் அடித்துத் திருத்த முனைந்தார். வேண்டாம் அம்மா, அடித்தல் திருத்தல் இங்கே செல்லாது என்று சொல்லி, தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் புதுச் சீட்டு எடுத்து வரச் சொன்னேன். அவர் வந்த பிறகு முதல் குறியிலிருந்து மறுபடி தொடங்கினோம்.